எல்.எல்.சி.க்கு ரிஜிஸ்டர்ட் ஏஜெண்ட்: சம்மனை வாங்கிக்கொள்ள ஒரு ஆள்

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு எல்.எல்.சி. (லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி, கம்பெனியின் கடனுக்கு முதலாளியின் சொந்தச் சொத்து பொதுவாகப் பொறுப்பாகாத ஒரு கம்பெனி வகை) தொடங்குவதற்கான படிவத்தை முதல் முறை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு பக்கம். கம்பெனியின் பெயர் என்ன, டெலவேருக்குள் அதன் பதிவு முகவரி என்ன, அந்த முகவரியில் இருக்கும் ரிஜிஸ்டர்ட் ஏஜெண்ட் யார், சட்டம் கட்டாயமாகக் கேட்பது இவ்வளவுதான். அடியில் ஒரு கையெழுத்து. அதையும் முதலாளியே போட வேண்டும் என்றில்லை, அவர் சார்பில் யாராவது போட்டால் போதும். முதலாளி யார், எந்த நாட்டுக்காரர், எவ்வளவு பணம் போட்டார், என்ன வியாபாரம், ஒரு கேள்வியும் கிடையாது. இங்கே பான் கார்டு, ஆதார், கரண்ட் பில், டிஜிட்டல் கையெழுத்து என்று ஆடிட்டர் ஆபீசுக்கு நாலு நடை நடந்து ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கியவர்களுக்கு இது நம்பவே முடியாத விஷயம்.

ஆனால் கவனியுங்கள், முதலாளி பெயர் இல்லாமல் கம்பெனி பிறக்கலாம், ஏஜெண்ட் பெயர் இல்லாமல் பிறக்காது. அப்படி என்ன பெரிய ஆள் இந்த ஏஜெண்ட்?

பெரிய ஆளெல்லாம் இல்லை. கம்பெனியை நடத்துவது அவர் வேலை இல்லை, பங்குதாரராக இருக்க வேண்டியதும் இல்லை, வெறும் ஏஜெண்ட் என்ற முறையில் கம்பெனி சார்பாக ஒரு ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. யாராவது உங்கள் கம்பெனி மேல் கேஸ் போட்டால், அந்தச் சம்மனைக் கையில் வாங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் முக்கிய வேலை. கூடவே மாநில அரசு அனுப்பும் நோட்டீஸ், வரி நினைவூட்டல் மாதிரி சில கடிதங்கள். அவ்வளவுதான்.

நம்மூர் சிவில் கோர்ட்டில் கேஸ் நடத்தியவர்களுக்கு இந்தச் சம்மன் விவகாரம் எவ்வளவு இழுக்கும் என்று தெரியும். அமீனா வருவார், வீட்டுக்காரர் 'ஊரில் இல்லை' என்பார், இன்னொரு வாய்தா, மறுபடி அமீனா, கடைசியில் கதவில் ஒட்டிவிட்டுப் போவார், அதற்கே ஒரு வருஷம் ஓடியிருக்கும். மனிதன் என்றாலாவது ஒரு வீடு இருக்கும், ஒரு முகம் இருக்கும். கம்பெனிக்கு முகம் ஏது? யாரிடம் போய் நீட்டுவது? இந்தச் சிக்கலுக்கு அமெரிக்க மாநிலங்கள் கண்டுபிடித்த வழி, கம்பெனி பிறக்கும்போதே 'என் மேல் கேஸ் வந்தால் இந்த ஆளிடம், இந்த முகவரியில் கொடுங்கள்' என்று எழுதி வாங்கிவிடுவது. ஏஜெண்ட் கையில் கொடுத்தாயிற்று என்றால் கம்பெனி கையில் கொடுத்த மாதிரிதான். உங்களுக்கு அது வந்து சேர்ந்ததா, நீங்கள் படித்தீர்களா என்பது கோர்ட்டுக்குத் தேவையில்லாத விஷயம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1839-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ரோஜர் டேனி ஒரு தீர்ப்பு எழுதினார். கம்பெனி என்பது தன்னை உருவாக்கிய மாநிலத்தில் மட்டுமே குடியிருக்கிறது, அது இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர முடியாது என்பது அதில் ஒரு கருத்து. கேட்க அழகாக இருக்கிறது, நடைமுறையில் பெரிய ஓட்டை. இந்தியானாவில் பிறந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒஹாயோவில் ஆள் வைத்து பாலிசி விற்கும், வீடு எரிந்துபோனால் பணம் கேட்க ஒஹாயோக்காரர் இந்தியானாவுக்கு ஓட வேண்டுமா? 1850-களில் இதே மாதிரி ஒரு இன்ஷூரன்ஸ் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: எங்கள் மாநிலத்தில் வியாபாரம் செய்ய வேண்டுமா, அப்படியென்றால் இங்கே இருக்கும் உன் ஏஜெண்டிடம் சம்மன் கொடுத்தால் போதும் என்று ஒத்துக்கொள், இப்படி ஒரு நிபந்தனை போட மாநிலத்துக்கு உரிமை உண்டு. அன்றைக்கு வெளியூர்க் கம்பெனிகளைப் பிடித்துவைக்கப் போட்ட கயிறுதான், பிறகு உள்ளூர்க் கம்பெனிகளுக்கும் வந்து, 1977-ல் வயோமிங் மாநிலம் எல்.எல்.சி. என்ற புது வடிவத்தையே உருவாக்கியபோது அதற்கும் ஒட்டிக்கொண்டது. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2023-ல் கூட, பென்சில்வேனியாவில் பதிவு செய்துகொண்ட ஒரு ரயில்வே கம்பெனி மேல், வேறு மாநிலங்களில் வேலை பார்த்தபோது வந்த பாதிப்புக்காக ஒரு தொழிலாளி அங்கே கேஸ் போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பதிவு செய்ததே ஒப்புதல்தான் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

சரி, யார் ஏஜெண்டாக இருக்கலாம்? பெரும்பாலான மாநிலங்களில் விதி ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மாநிலத்தில் வசிக்கும் 18 வயது தாண்டிய ஒருவர், அல்லது அங்கே தொழில் செய்ய அனுமதி பெற்ற ஒரு நிறுவனம். தெருப் பெயர், கதவு எண்ணோடு நிஜமான முகவரி வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது. ஆபீஸ் நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும். எல்.எல்.சி. தனக்குத் தானே ஏஜெண்டாக இருக்க முடியுமா என்பதில் மட்டும் ஊருக்கு ஒரு பேச்சு: டெலவேரில் அங்கேயே அலுவலகம் இருந்தால் முடியும், டெக்ஸாஸில் முடியாது. ஆனால் கம்பெனியின் முதலாளி தனி மனிதராக, தன் பெயரில், டெக்ஸாஸில் வசித்தால், தன் கம்பெனிக்குத் தானே ஏஜெண்டாக இருந்துகொள்ளலாம்.

அப்படியென்றால் எதற்குக் காசு கொடுத்து வெளியாள்? நியாயமான கேள்விதான். டாலஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் குடியிருந்துகொண்டு, அங்கேயே சின்னதாக ஒரு தொழில் செய்கிறவர் தன் பெயரையே போட்டுவிடலாம், பைசா செலவில்லை. ஆனால் மூன்று தொந்தரவு. வீட்டு முகவரி அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நிற்கும். இரண்டாவது, ஆபீஸ் நேரம் முழுக்க வீட்டில் இருப்பீர்களா? டிசம்பரில் ஆறு வாரம் ஊருக்கு வந்துவிட்டால்? மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போதோ, வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள் கேக் வெட்டும்போதோ, ஒருவர் வந்து பெயர் கேட்டு உறுதி செய்துகொண்டு சம்மனை நீட்டினால் அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. டெலவேரின் வில்மிங்டன் நகரத்தில் 1209 நார்த் ஆரஞ்ச் ஸ்ட்ரீட் என்று ஒரு கட்டடம், உயரம்கூடக் கிடையாது, மண்ணிறத்தில் தாழ்வாக, தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்காமல் போகும்படி ஒன்று. 1892-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கும் சி.டி. கார்ப்பரேஷனின் முகவரி அது. 2012-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது அந்த ஒரே முகவரியில் பதிவான கம்பெனிகள் 2,85,000. உள்ளே அத்தனை நாற்காலி இல்லை, பெயர்ப் பலகை இல்லை. அந்தக் கம்பெனிகளுக்கு வரும் சம்மனை வாங்கி, ஸ்கேன் செய்து, உரியவருக்கு அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். வயோமிங் தலைநகர் ஷயானில் இதன் சின்னத் தம்பி மாதிரி ஒரு செங்கல் வீடு. 2011-ல் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் போய்ப் பார்த்து, அந்த ஒரு வீட்டு முகவரியில் 2,000-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் என்று எழுதினார்கள். கட்டடத்தில் தப்பில்லை, சட்டம் கேட்பதே அதைத்தான். ஆனால் முதலாளி பெயர் எங்கேயும் இல்லாத கம்பெனியும், இப்படி ஒரு முகவரியும் சேரும்போது, கறுப்புப் பணம் ஒளித்துவைக்கிறவனுக்கு எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்காகவே ஒரு சட்டம் 2021-ல் நிறைவேறி, நிஜ முதலாளி யார் என்று மத்திய நிதித்துறைக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஊரே பதறிப் படிவம் நிரப்பியது. 2025 மார்ச்சில், அமெரிக்காவுக்குள் உருவான கம்பெனிகளுக்கு இது வேண்டாம் என்று விலக்கும் வந்துவிட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டெலவேர் மட்டும் தன் பங்குக்கு, வெறும் விர்ச்சுவல் ஆபீசையும் தபால் திருப்பிவிடும் சேவையையும் வைத்துக்கொண்டு ஏஜெண்ட் வேலையை ஓட்டக் கூடாது என்று 2025-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது.

கட்டணம் பெரிதில்லை. வருஷத்துக்கு 50 டாலரிலிருந்து 300 டாலர் வரை, சிலர் முதல் வருஷம் இலவசம் என்று இழுத்து அடுத்த வருஷம் மொத்தமாக வாங்குவார்கள். 50 டாலருக்கும் 300 டாலருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், சம்மன் வந்த அன்றைக்கே ஸ்கேன் செய்து அனுப்புகிறாரா, மின்னஞ்சலோடு நிறுத்தாமல் போன் செய்கிறாரா என்பதில்தான் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

போனை ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாள் கணக்கு அப்படி. மத்திய நீதிமன்றத்தில் கேஸ் என்றால் சம்மன் கொடுத்த நாளிலிருந்து 21 நாளில் பதில் போட வேண்டும். கலிபோர்னியா மாநில நீதிமன்றத்தில் 30 நாள். டெக்ஸாஸ் விதி தனி ரகம்: 20 நாள் முடிந்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமை, காலை 10 மணிக்குள். இந்த நாளெல்லாம் ஏஜெண்ட் கையில் காகிதம் விழுந்த நிமிஷத்திலிருந்து ஓடுகிறது, நீங்கள் மின்னஞ்சலைத் திறந்த நாளிலிருந்து இல்லை. தவறவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நீங்கள் இல்லாமலேயே எழுதப்படும் தீர்ப்பு. எதிராளி கேட்ட தொகை நியாயமா இல்லையா என்று உங்கள் பக்கத்தைக் கேட்க அங்கே யாரும் இல்லை. பிறகு போய் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம், நியாயமான காரணம் காட்டினால் சில நேரம் கிடைக்கும், ஆனால் 'நான் ஏஜெண்டுக்குக் கொடுத்த மின்னஞ்சல் பழசு' என்பதைக் கேட்டு நீதிபதி உருகிவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், கோவையிலிருந்து சாஃப்ட்வேர் விற்கிறவர், டெலவேரில் எல்.எல்.சி. வைத்திருக்கிறார். தொடங்கும்போது கொடுத்தது அன்றைய கம்பெனி டொமைனில் இருந்த மின்னஞ்சல். இரண்டு வருஷம் கழித்து பிராண்ட் பெயரை மாற்றினார், பழைய டொமைனைப் புதுப்பிக்கவில்லை. எல்லா இடத்திலும் புது முகவரி கொடுத்தவர் ஏஜெண்டை மறந்தே போனார். நல்லவேளை அவருக்கு வந்தது சம்மன் இல்லை, வரி நினைவூட்டல். டெலவேரில் எல்.எல்.சி. ஒவ்வொன்றும் ஜூன் 1-க்குள் 300 டாலர் கட்ட வேண்டும், லாபமோ நஷ்டமோ அதே 300. அது தவறி 200 டாலர் அபராதமும் மாதம் 1.5 சதவீத வட்டியும் சேர்ந்த பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. டெலவேர் சட்டத்தில், கம்பெனி சார்பாகத் தொடர்புகொள்ள உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் பெயர், முகவரி, போன் எண் ஏஜெண்டிடம் எப்போதும் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவே இருக்கிறது. நண்பர் அதைப் படித்ததில்லை. நாம் யார் படிக்கிறோம்.

இன்னொரு பெரிய தப்புக் கணக்கு, ஏஜெண்ட் வைத்தாயிற்று, இனி எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்பது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தனி ஆளாக ஒரு எல்.எல்.சி. நடத்துகிறீர்கள் என்றால், பணம் போட்டது எடுத்தது உட்பட உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலை ஒவ்வொரு வருஷமும் அமெரிக்க வரித்துறைக்கு 5472 என்ற படிவத்தில் சொல்ல வேண்டும், வரி ஒரு டாலர் இல்லாவிட்டாலும். சொல்லாவிட்டால் அபராதம் 25,000 டாலர். ஏஜெண்ட் அதைப் போட மாட்டார், போடச் சொல்லி நினைவூட்டும் கடமையும் அவருக்கில்லை. அதே மாதிரி ஏஜெண்டின் முகவரியை உங்கள் ஆபீஸ் முகவரி என்று வங்கியில் கொடுத்தால், பல வங்கிகள் அதைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடும். ஒரே முகவரியில் லட்சக்கணக்கான கம்பெனி இருப்பது அவர்களுக்கும் தெரியும்தானே.

இப்போது அமெரிக்காவிலேயே குடியிருக்கும் நம் ஆட்கள் விழும் பள்ளத்துக்கு வருகிறேன். ஃபிரிஸ்கோக்காரரையே எடுத்துக்கொள்வோம். யாரோ 'டெலவேர்தான் பெஸ்ட்' என்று சொன்னதைக் கேட்டு, வீட்டுச் சாப்பாடு கேட்டரிங்குக்கு டெலவேரில் எல்.எல்.சி. போடுகிறார். சமையல் டெக்ஸாஸில், சாப்பிடுகிறவர் டெக்ஸாஸில், பணம் வருவதும் டெக்ஸாஸில். அப்படியென்றால் டெக்ஸாஸ் கண்ணுக்கு அது ஒரு 'வெளி' கம்பெனி (அங்கே வெளி என்றால் வேறு நாடு மட்டுமில்லை, பக்கத்து மாநிலமும்தான்), அங்கே தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் 750 டாலர். நேராக டெக்ஸாஸிலேயே எல்.எல்.சி. தொடங்கியிருந்தால் 300 டாலரோடு முடிந்திருக்கும். இதில் ஏஜெண்டும் இரண்டு, டெலவேருக்கு ஒருவர், டெக்ஸாஸுக்கு ஒருவர். டெலவேருக்கு வருஷா வருஷம் அந்த 300 டாலர் வேறு. பதிவே செய்யாமல் ஓட்டினால் என்ன ஆகும்? கேட்டரிங் பணம் தராதவர் மேல் டெக்ஸாஸ் கோர்ட்டில் கம்பெனி கேஸ் போட முடியாது, ஆனால் கம்பெனி மேல் மற்றவர்கள் தாராளமாகப் போடலாம். முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டப் போகிறவர், பல மாநிலங்களில் கிளை வைக்கப் போகிறவர், அவர்களுக்கு டெலவேர் சரி. சாம்பார் விற்க டெலவேர் எதற்கு?

எல்லா மாநிலமும் ஒரே அச்சு இல்லை என்பதற்கு நியூயார்க் நல்ல உதாரணம். அங்கே எல்.எல்.சி. தொடங்கினால் மாநிலச் செயலாளரே (கம்பெனிப் பதிவுகளைக் கவனிக்கும் மாநில அதிகாரி) சட்டப்படி உங்கள் ஏஜெண்ட், தனி ஏஜெண்ட் வைப்பது உங்கள் விருப்பம். சம்மனை மாநிலச் செயலாளரிடம் கொடுப்பார்கள், அவர் நீங்கள் பதிவில் எழுதிக்கொடுத்த முகவரிக்கு நகல் அனுப்புவார். அந்த முகவரி பழைய வாடகை வீடாக இருந்தால் அது உங்கள் பாடு. (ஏஜெண்ட் செலவு மிச்சம் என்று சந்தோஷப்படும் முன், புது எல்.எல்.சி. பற்றி 120 நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில் ஆறு வாரம் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்ற நியூயார்க் விதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.) பென்சில்வேனியா ஏஜெண்ட் என்றே கேட்பதில்லை, பதிவு அலுவலகம் என்று முகவரி மட்டும் கேட்கும். இந்தியாவும் அந்த வகைதான், 2013 கம்பெனிகள் சட்டப்படி பதிவு அலுவலகம் இருந்தால் போதும். கூடவே வருஷத்தில் 182 நாளாவது இந்தியாவில் தங்கும் ஒரு டைரக்டர் வேண்டும் என்று வைத்துவிட்டார்கள், பிடிக்க ஒரு ஆள் ஊரில் இருக்கட்டும் என்று.

கம்பெனி பதிவாகிச் சில வாரத்தில் தபாலில் சில கடிதங்கள் வரும். கழுகு படம், மாநிலத்தின் பெயர், பெரிய எழுத்தில் ஒரு கடைசித் தேதி, 'சான்றிதழுக்கு இத்தனை டாலர் செலுத்தவும்'. பார்த்தால் அரசுக் கடிதம் என்றே தோன்றும். கீழே பொடி எழுத்தில், இது அரசு நிறுவனம் அல்ல என்று இருக்கும். புதுக் கம்பெனிகளின் பட்டியல் பொதுப் பதிவு என்பதால் அதை எடுத்து அனுப்புகிறவர்கள் இவர்கள். ஏஜெண்ட் மூலமாக வந்ததா, நேராக வந்ததா என்று முதலில் பாருங்கள், சந்தேகம் இருந்தால் ஏஜெண்டிடமே கேளுங்கள், அதற்கும் சேர்த்துத்தானே காசு.

ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால் அவர் விலகலாம். டெலவேரில் அவர் விலகல் படிவத்தை அரசிடம் பதிவு செய்த பிறகு உங்களுக்கு 30 நாள், அதற்குள் புது ஏஜெண்டைப் பதிவு செய்யாவிட்டால் எல்.எல்.சி.யின் பதிவே ரத்தாகும். ரத்தாகிவிட்டது, இனி யாரும் நம்மைப் பிடிக்க முடியாது என்றும் நினைக்க வேண்டாம், அதற்குப் பிறகு சம்மனை மாநிலச் செயலாளரிடம் கொடுத்தாலே செல்லும். ஏஜெண்டை மாற்ற நினைப்பவர்கள் செய்யும் தப்பு, பழையவரை முதலில் கழற்றிவிட்டு அப்புறம் புதியவரைத் தேடுவது. வரிசை தலைகீழ். புதியவரின் சம்மதத்தை முதலில் வாங்க வேண்டும் (டெக்ஸாஸில் 2010 முதல் இந்தச் சம்மதம் சட்டப்படியே கட்டாயம்), மாநிலத்தில் மாற்றப் படிவம் போட வேண்டும், டெக்ஸாஸில் அதற்கு 15 டாலர், பதிவில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழையவருக்கு டாட்டா. வெறுமனே புதியவருக்குப் பணம் கட்டிவிட்டு, அரசுப் பதிவில் மாற்றாமல் விட்டவர்களும் உண்டு. அவர்களுடைய சம்மன் இன்னும் பழைய முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். டெலவேர் அரசின் தேடல் பக்கத்தில் கம்பெனி பெயரைத் தட்டினால் பதிவு எண், தொடங்கிய தேதி, அதன் கீழே ஏஜெண்டின் பெயர், தெரு முகவரி, போன் எண் எல்லாம் இலவசமாக வரும். கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் 10 டாலர் கட்ட வேண்டும். முதலாளி பெயருக்கு அந்தப் பக்கத்தில் கட்டமே கிடையாது.